எறும்பு வரிசையும் தலையாட்டி பொம்மையும்: வீட்டுக்குள் கொஞ்சம் குறும்பு

வீட்டில் விளையாட்டுத்தனம் வேண்டும் என்றதும் பலர் சுவர் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். பத்தே நாளில் அது இருப்பதே மறந்துபோகும். வீட்டுக்கு இரண்டாம் முறை வருகிறவர் கண்ணில் படுகிற குறும்புதான் நிலைக்கும். அறைக்கு ஒன்று போதும். அதுவும் முழங்காலுக்குக் கீழே, கதவுக்குப் பின்னே, அலமாரிக்கு உள்ளே என்று பார்வை நேராக விழாத இடத்தில்.

சமையலறைச் சுவருக்குப் பெயின்டில் ஒற்றி எடுக்கும் எறும்பு வரிசை. முதலில் சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கையில் வெள்ளை மாவு ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். எறும்பு அச்சைப் பிடித்துவைக்க டேப் ஒட்டி உரித்தால் சுவரின் பூச்சும் கூடவே வரும். அதில் கை வைக்காதீர்கள். எமல்ஷன் அடித்த சுவர்தான் இதற்குச் சரி. டைல்ஸும் வேண்டாம், தினசரி துடைப்பில் உரிந்துவிடும்.

அச்சுக்கு, ஓ.ஹெச்.பி. ஷீட்டில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) 1.5 செ.மீ. நீளத்துக்கு எறும்பின் மூன்று உருண்டைகளை மட்டும் கட்டரால் ஓட்டையாக வெட்டி, ஷீட்டைச் சுவரில் டேப்பால் ஒட்டுங்கள். கால்களையும் சேர்த்து வெட்டினால் அந்த இடுக்கில் பெயின்ட் இறங்காது, இறங்கினாலும் கசியும். கால்களைப் பிறகு மிக மெல்லிய 0 நம்பர் பிரஷ்ஷால் இழுத்துக்கொள்ளலாம்.

அக்ரிலிக் பெயின்டில் தண்ணீர் கலக்கக் கூடாது. ஸ்பாஞ்சுத் துண்டில் தொட்டு, பழைய செய்தித்தாளில் நாலைந்து முறை ஒற்றி, தாளில் லேசான தடம் மட்டும் விழும்போது சுவரில் ஒட்டிய ஷீட்டின் ஓட்டைக்குக் கொண்டுபோங்கள். நேராக ஒற்ற வேண்டும், தேய்த்தால் ஷீட்டுக்கு அடியில் புகுந்து எறும்பு வண்டாகிவிடும்.

நிறம், சுவரைவிட இரண்டு ஷேடு அடர்த்தி. கறுப்பில் வரைந்தால் மாமியார் எறும்பு சாக்பீஸ் எடுத்து வருவார். ஒன்பது எறும்பு போதும். இடைவெளி சமமாக இருந்தால் புடவை பார்டர் மாதிரி ஆகிவிடும். 3, 5, 4, 9 செ.மீ. என்று கலைந்திருக்கட்டும். ஒன்று மட்டும் எதிர்த்திசையில் திரும்பிப் போகட்டும். சர்க்கரை டப்பா இருக்கும் ஷெல்ஃபுக்கு ஒரு சாண் முன்னால் வரிசை நின்றுவிட வேண்டும்.

கூடத்துக்குத் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. ராஜா ராணி வகைக்கு அடி உருண்டை, அதற்குள் கனம். சாய்த்துவிட்டால் தானே எழும். இதைக் காற்று அசைக்காது, போகிற வருகிற கைதான் தட்ட வேண்டும். நாட்டியப் பெண் வகையில் தலை, உடல், பாவாடை என்று தனித்தனியாகக் கம்பி மேல் உட்கார்ந்திருக்கும். ஃபேன் காற்றுக்கே ஆடும் என்பதால் அலங்காரத்துக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் ஓயாமல் குலுங்கி அலுப்புத் தரும். ஆறேழு அடி தள்ளி, காற்று பக்கவாட்டில் தொடுகிற இடத்தில் வையுங்கள். யாரும் எதிர்பாராத நேரத்தில் மெல்ல ஒரு தலையசைப்பு வரும்.

ஆடவே இல்லையா? பெரும்பாலும் ஷெல்ஃப் சாய்ந்திருக்கும், துண்டுகள் ஒன்றோடொன்று உரசும். தாழ்ந்த பக்கம் ஒரு அட்டைத் துண்டைச் சொருகினால் சரியாகிவிடும். ஈரத்துணி மட்டும் படக் கூடாது. காகிதக் கூழில் செய்தது, வண்ணம் கரையும். உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள்.

அலமாரியின் உள்முதுகில் மஞ்சளோ கிளிப்பச்சையோ அடிப்பது இன்னொரு வழி. மூன்றுக்கு ஆறு அடிப் பலகைக்கு இரண்டு கோட் அடிக்க அரை லிட்டர் தாராளம். பழைய எனாமல் வழவழப்பு போக உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, பிறகு தண்ணீரில் கலக்கும் எனாமல். எண்ணெய் எனாமல் வாடை புடவைகளில் ஏறி லேசில் போகாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் ஒரு வாரம் காலியாகவே விடுங்கள். அவசரப்பட்டு அடுக்கினால் புத்தக அட்டைகள் பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும்.

வாடகை வீடு என்றால் எறும்பு வரையும் முன்பே, வீட்டுக்காரரிடம் சுவர் பெயின்ட்டின் ஷேடு நம்பரைக் கேட்டு 100 மி.லி. வாங்கி மூடி வையுங்கள். காலி செய்யும்போது இரண்டு கோட் அடித்தால் மறைந்துவிடும்.