மலையில் கால் முறிந்தால்: கட்டுவது, இறக்குவது, பிறகு பார்ப்பது

தேயிலை மலையின் ஈரக் கானில், அதாவது வடிகாலில், வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே முறிந்தவரைக் கொழுந்து லொறியில் குந்த வைத்து அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. முறிந்த எலும்பு பல மணி நேரம் பொறுக்கும். இரத்த ஓட்டம் நின்ற சதை 6 மணி நேரம் தாங்குவதே கடினம். மலையில் நிற்கிறவர் கவனிக்க வேண்டியது இரத்த ஓட்டத்தை. எலும்பை வைத்தியசாலை பார்த்துக்கொள்ளும்.

முதலில் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அதில் வரும் சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், மலை நம்பர், வாகனம் எதுவரை ஏறும் என்பதையும் சொல்லுங்கள். பாதை முடக்கில் ஒருவரை நிறுத்துங்கள். மேலிருந்து விழுந்தவருக்குக் கழுத்தோ முதுகோ வலித்தால், அல்லது கால் மரத்துப்போயிருந்தால், கையைக் காலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். அம்புலன்ஸ் ஆட்கள் வரும்வரை தலையை அசையாமல் பிடித்திருங்கள்.

காயத்திலிருந்து இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளாமல், நனைத்த சுத்தத் துணியால் மூடி, சுற்றுப்புறத்தில் மட்டும் அழுத்துங்கள். கோப்பித்தூள், மஞ்சள், தேயிலைத்தூள் எதுவும் வேண்டாம். சத்திர சிகிச்சையில் அதையெல்லாம் சுரண்டி எடுக்கத்தான் நேரம் போகும். கொலுசு, மெட்டி, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் தேத்தண்ணிகூடக் கொடுக்காதீர்கள். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைக் குறித்து அனுப்புங்கள்.

இனி கட்டு. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி (மிலாறு) கோணலாக இருக்கும், அது உதவாது. நேரான மூங்கில் பிளாச்சோ பலகைத் துண்டோ இரண்டு எடுங்கள். முழங்காலும் கணுக்காலும் இரண்டுமே அசையக் கூடாது; ஆகவே நடுத் தொடையிலிருந்து குதிகாலைத் தாண்டும் நீளம் வேண்டும். இடுப்பில் கட்டும் படங்கையோ பழைய சேலையையோ மடித்து, முழங்கால் எலும்பும் கணுக்கால் மொழியும் படும் இடங்களில் தடிப்பாக வையுங்கள். கால் வளைந்திருந்தால் வளைந்தபடியே கட்டுங்கள், இழுக்க வேண்டாம். தொடையில் ஒன்று, முழங்காலுக்கு மேல் ஒன்று, முறிவுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று, கணுக்காலில் எட்டுப் போல ஒன்று என 5 கட்டு. முறிந்த இடத்தின்மேல் கட்டு விழக் கூடாது. கயிறு சதையை வெட்டும். நாலு விரல் அகலத் துணியே சரி. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு விரல் நுழைய வேண்டும்.

கட்டுமுன் ஒரு தடவை, கட்டியதும் ஒரு தடவை, பிறகு 10 நிமிடத்துக்கு ஒரு தடவை கால் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் குளிரில் நல்ல காலிலேயே இது தாமதிக்கும்; அதனால் இரண்டு காலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அடிபட்ட பக்கம் மட்டும் வெளிறி, விறைத்து, மரத்துப்போனால் உடனே கட்டைத் தளர்த்துங்கள்.

தொடை எலும்பு முறிவு வேறு கதை. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் 1 லீட்டருக்கு மேல் இரத்தம் உள்ளே கசியலாம். ஈர உடுப்பை மாற்றி, கம்பளி போர்த்தி, படுக்க வைத்தே கொண்டுபோங்கள். குளிர்ந்த உடம்பில் இரத்தம் உறைவதும் குறையும்.

அம்புலன்ஸ் வர முடியாத மலையென்றால், 3 உரப் பையின் அடிமூலைகளை வெட்டி இரண்டு நீளக் கம்பில் கோர்த்தால் தூக்குப் படுக்கை தயார். முதலில் நல்ல உடம்புள்ள ஒருவரைப் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள். இறக்கத்தில் கால் முன்னே, தலை மேட்டுப் பக்கம்.

எலும்பு வெளியே வந்த முறிவுக்கு அன்டிபயோட்டிக் ஊசியை ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பதே இன்றைய முறை. தோட்ட டிஸ்பென்சரியில் கையிருப்பிருந்தால் அங்கேயே கேளுங்கள். ஏர்ப்பு (டெட்டனஸ்) ஊசியையும் நினைவுபடுத்துங்கள். முன்பு மாதக்கணக்கில் எடை தொங்கவிட்டுப் படுக்க வைத்த தொடை முறிவுக்கு இப்போது எலும்பின் உள்ளே கம்பி செலுத்தி இரு முனையிலும் திருகாணி பூட்டுகிறார்கள். பலர் சில நாளிலேயே ஊன்றுகோலோடு எழும்புகிறார்கள். காயம் அழுக்காக இருந்தால் முதலில் எலும்பைப் பிடிக்கும் சட்டத்தைக் காலுக்கு வெளியே பூட்டி, காயம் தெளிந்த பிறகே கம்பி. அந்தச் சட்டத்தைப் பார்த்துப் பயந்து துண்டு வெட்டிக்கொண்டு (வைத்தியசாலையிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டு) வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நாட்டு வைத்தியரிடம் போவதென்றாலும் எக்ஸ்ரேக்கு முன் எண்ணெய் போட்டு உருவ விடக் கூடாது.

சாந்துக் (பிளாஸ்டர்) கட்டோடு லயத்து வீட்டுக்கு வந்தபின் கவனம் இன்னும் கூட வேண்டும். சாந்து முழுதாகக் காய 2, 3 நாள் செல்லும், மழை நாளில் இன்னும் மெதுவாக. அடுப்பங்கரையில் வைத்துக் காய்ச்சினால் உள்ளே தோல் வெந்துபோகும். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் வைத்து, மணிக்கொரு தடவை விரல்களை அசையுங்கள். அரிப்புக்கு ஈர்க்கு விட்டால் புண்ணாகும். மாத்திரைக்கு அடங்காத வலி ஏறிக்கொண்டே போனால், கால் விரலை வேறொருவர் மெல்ல மேலே தூக்கும்போது கெண்டைக்கால் வலியில் துடித்தால், விடியும்வரை காத்திராதீர்கள். சதையை மூடிய உறைக்குள் அழுத்தம் ஏறிவிட்ட அறிகுறி அது. சாந்துக் கட்டைப் பிளக்க வேண்டும், சில வேளை சதை உறையையே கீற வேண்டும். அந்த இரவே போனால் கால் மிஞ்சும்.

முழங்காலுக்குக் கீழுள்ள முன்கால் எலும்பு சேர 4 மாதமளவு செல்லும். வெற்றிலையோடு புகையிலை போட்டால் இன்னும் இழுக்கும். முட்டை, பருப்பு, நெத்தலிக் கருவாடு சேருங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். லயத்துப் படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். ஊன்றுகோலின் இறப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். ஈரச் சீமெந்தில் அது வழுக்கி இரண்டாம் தடவை முறிவதுண்டு. வேலை நேரத்தில் விழுந்திருந்தால் அன்றே தோட்ட ஒபிஸில் பதியச் சொல்லி, வைத்தியசாலைத் துண்டையும் எக்ஸ்ரேயையும் பத்திரமாக வையுங்கள். நட்டஈடு கேட்கும்போது கையில் இருக்க வேண்டியவை அவை.