கூலர் வாங்குமுன் ஓர் ஈரத்துணிச் சோதனை

கடைகளில் ஏர் கூலர் என்று விற்கப்படும் கருவி, மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கும் முறையிலேயே இயங்குகிறது. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்கிறது. காற்றில் முன்பே ஈரம் மிகுந்திருந்தால் கூலர் வெறும் மின்விசிறியாகிவிடும். ஆகவே இலங்கையின் மலையகத்தில் கூலர் பயன்படுமா என்பது வீடு மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கத்திலுள்ள ஊவா மாகாணத்துக்குள் இறங்கும்போது சூடேறி உலர்ந்து வீசுவதால், பதுளை, பசறைப் பகுதிகளின் அக்காலத்து நண்பகலுக்குக் கூலர் பொருந்தும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அதற்குத் தேவையே எழாது.

மற்ற இடங்களில் ஊகிப்பதைவிட அளந்து பார்ப்பது நல்லது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் உலர் வெப்பமானியும் ஈர வெப்பமானியும் அருகருகே தொங்குவதை அங்கு வேலை செய்தவர்கள் அறிவார்கள். அதே முறைதான் இங்கும் வேண்டும். இரண்டு சாதாரண வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, பிற்பகல் இரண்டு மணியளவில் நிழலில் வைத்துச் சில நிமிடங்கள் விசிற வேண்டும். நல்ல கூலர் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைத்தான் குறைக்கும். 30 பாகை வெப்பத்தில் ஈரப்பதம் 50 வீதமாக இருந்தால் வித்தியாசம் 8 பாகை, கிடைக்கும் காற்று 24 பாகை. ஈரப்பதம் 80 வீதமானால் வித்தியாசம் 3 பாகைதான், காற்றும் 28 பாகைக்கு அருகிலேயே நிற்கும். வித்தியாசம் 4 பாகைக்குக் குறைந்தால் கூலருக்கான பணத்தைத் தகரக் கூரையின் கீழ் சீலிங் அடிக்கச் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து.

வாங்குவதானால் தொட்டியின் அளவைவிடக் காற்றோட்டத்தைப் பாருங்கள். 10 அடி அகலமும் 12 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட லயன் காம்பராவின் (தோட்டத் தொடர்வீட்டு அறையின்) கொள்ளளவு ஏறத்தாழ 27 கன மீற்றர். மணிக்கு 30 முறை காற்று மாற வேண்டும் என்று கொண்டால் மணிக்கு ஏறத்தாழ 800 கன மீற்றர் காற்றோட்டம் தேவை. நீரில் நனைந்து, ஊடே செல்லும் காற்றைக் குளிர்விக்கும் பட்டைகளில், தேன்கூட்டு வடிவ அட்டைப் பட்டைகள் மரச்சீவல் பட்டைகளைவிட நீண்ட காலம் உழைக்கும். தொட்டியில் ஐஸ் போடச் சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்: ஒரு கிலோ ஐஸ் உருகுகையில் எடுக்கும் வெப்பத்தைப் போல ஏழு மடங்கை ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது எடுத்துவிடும்.

பொருத்தும்போது பலரும் ஏசி போலக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அரை மணி நேரத்தில் அறை புழுங்கத் தொடங்கும். கூலரின் பின்புறம் திறந்த ஜன்னலை ஒட்டி வெளிக்காற்றை இழுக்க வேண்டும், எதிர்ப்புறக் கதவோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும். விறகடுப்பு இருக்கும் பக்கத்தைத் தவிர்க்காவிட்டால் புகை முழுவதும் அறைக்குள் வந்து சேரும். 40 லீற்றர் தொட்டி நிறைந்தால் நீர் மட்டுமே 40 கிலோ என்பதால், பழைய லயன் சுவரில் தாங்கி அடித்துத் தொங்கவிடாமல், மட்டமான தரையில் உறுதியான மேசை மீது வையுங்கள்.

நீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்கிலேயே கூலரை இணைக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் இல்லையெனில் மின்வினைஞரைக் கொண்டு அதை முதலில் பொருத்துங்கள். தொட்டி நீர் டெங்கு நுளம்பு பெருகும் இடமாகிவிடாதபடி வாரத்துக்கு ஒருமுறையேனும் முழுதாக வடித்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒக்டோபரில் ஊவாவில் மழை தொடங்கியதும் பட்டைகளை வெயிலில் காயவைத்து, தொட்டியைத் துடைத்து, துணியால் மூடி வைத்துவிடலாம்.