மருத்துவத் தேர்வை ஆன்லைனுக்கு மாற்றுவது எப்படி: முதல்முறை நடத்துவோருக்கு

இறுதியாண்டுத் தேர்வில் பரிசோதனை செய்து பார்க்க வேண்டாம். 40 கேள்வி, ஒரு மணி நேரம் உள்ள சின்ன உள்மதிப்பீட்டுத் தேர்வில் தொடங்குங்கள். கீழே உள்ள அமைப்புகள் மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்துக்கானவை. வேறு தளம் என்றால் பெயர்கள் மாறும், வேலை ஒன்றுதான்.

படி 1: எது மாறும், எது மாறாது

பாடக் கேள்விகள், ஈசிஜி, எக்ஸ்ரே, திசு ஸ்லைடு வாசிப்பு எல்லாம் நன்றாகவே மாறும். நோய் வரலாறு கேட்பதையும் நோயாளியிடம் விளக்கிப் பேசுவதையும் வீடியோவில் பார்க்கலாம். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, இதய ஒலி கேட்பது, தையல் போடுவது மட்டும் நேரில்தான்.

படி 2: கேள்வியைத் திருத்துங்கள்

பாதி உழைப்பு இங்கேதான் போகும். "வலது கரோனரி தமனி அடைபட்டால் எந்த லீடுகளில் மாற்றம் தெரியும்?" என்று கேட்டால், பக்கத்தில் இருக்கும் செல்போன் பத்து நொடியில் பதில் சொல்லிவிடும். அதையே இப்படிக் கேளுங்கள்: 58 வயது ஆண், இரண்டு மணி நேரமாக நெஞ்சுவலி, இரத்த அழுத்தம் 90/60, கழுத்துச் சிரைகள் புடைத்திருக்கின்றன, நுரையீரல் தெளிவாக இருக்கிறது, ஈசிஜியில் 2, 3, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி உயர்வு. எந்த மருந்து இவருடைய இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்குச் சரித்துவிடும்? ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின், நைட்ரோகிளிசரின், ஹெபாரின். வலது வென்ட்ரிக்கிள் (இதயத்தின் வலது கீழறை) பாதிப்பை ஊகித்தால்தான் நைட்ரோகிளிசரினுக்கு வர முடியும்.

இந்த மாதிரிக் கேள்விக்கு 90 நொடி கொடுங்கள். விடைத் தெரிவுகளை மூடிவிட்டுக் கேள்வியை மட்டும் படித்தாலே பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கேள்வி அரைகுறை.

தெரிவுகளைக் கலைத்துப் போடும் வசதியை இயக்கினால் "மேற்கண்ட அனைத்தும்" நடுவில் வந்து உட்காரும். அந்தத் தெரிவையே ஒழித்துவிடுங்கள். மருந்தளவு எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டிய கேள்விக்கு மட்டும் கலைப்பை நிறுத்துங்கள்.

படி 3: படங்கள்

ஈசிஜிக்கு பிஎன்ஜி கோப்பு நல்லது. அழுத்திச் சுருக்கிய ஜேபெக்கில் கட்டக் கோடுகள் மங்கும், இடைவெளியை எண்ண முடியாது. எக்ஸ்ரே, ஸ்கேன் ஓரங்களில் நோயாளியின் பெயரும் பதிவெண்ணும் படத்தோடு சேர்ந்தே பதிந்திருக்கும், வெட்டி எடுங்கள். கோப்பின் பெயரையும் கவனியுங்கள்: நோயின் பெயரையே கோப்புக்கு வைத்தால் கேள்வியோடு விடையும் போய்ச் சேரும். படம்_07 போதும்.

படி 4: அமைப்புகள்

தேர்வு 10:00க்குத் திறந்து 11:00க்கு மூடும், நேர வரம்பு 60 நிமிடம் என்று வைத்தால், 10:10க்கு நுழைபவருக்கு 50 நிமிடம்தான் கிடைக்கும். மூடும் நேரத்தை 11:15 ஆக வையுங்கள். நேரம் முடிந்தால் விடைகள் தானாகச் சமர்ப்பிக்கப்படும் தெரிவை இயக்குங்கள். கூடுதல் நேரம் தேவைப்படுபவருக்குத் தனி விதிவிலக்கு போடலாம்.

அடிக்கடி நடக்கும் விபத்து மீள்பார்வை அமைப்பில் வரும். அதைத் தொடாமல் விட்டால், முதலில் முடித்தவருக்கு உடனே சரியான விடைகள் தெரியக்கூடும். அவை வாட்ஸ்அப்பில் பரவ ஒரு நிமிடம் போதும். "தேர்வு மூடிய பிறகு" என்ற கட்டத்தில் மட்டும் குறி வையுங்கள். முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாதபடி பூட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தயங்கிய கேள்வியை விட்டுவிட்டுப் பிறகு வருவது நல்ல தேர்வுப் பழக்கம்.

சேஃப் எக்ஸாம் பிரவுசர் என்ற மென்பொருள் தேர்வின்போது மற்ற சாளரங்களைப் பூட்டும். விண்டோஸ், மேக், ஐபேட் மூன்றிலும் ஓடும், ஆண்ட்ராய்டில் ஓடாது. மாணவரிடம் என்ன சாதனம் இருக்கிறது என்று முன்கூட்டியே கேளுங்கள். மேசை மேல் இருக்கும் இன்னொரு போனை இந்த பிரவுசர் பார்க்காது. அதற்கு மருந்து படி 2தான்.

படி 5: ஒத்திகை

ஒரு வாரம் முன்பு எல்லா மாணவரையும் ஒரே நேரத்தில் உள்ளே வரச் செய்து 5 கேள்வி கொடுங்கள். சர்வர் பெரும்பாலும் முதல் இரண்டு நிமிடத்தில்தான் திணறும். திணறினால் 5 நிமிட இடைவெளியில் மூன்று குழுவாக நுழைய விடுங்கள்.

படி 6: தேர்வு நாள்

உதவிக்கு ஒரு தொலைபேசி எண், அதை எடுக்க ஒருவர். விடைகள் நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கப்படுவதுதான் வழக்கமான அமைப்பு. இணைப்பு அறுந்தவர் திரும்ப நுழைந்தால் கடைசியாகச் சேமித்தவை இருக்கும், ஆனால் கடிகாரம் நிற்காது. எத்தனை நிமிடம் இழந்தால் ஈடு கொடுப்பீர்கள் என்பதை முன்பே எழுதி அறிவியுங்கள். அன்றைக்கு யோசித்தால் சண்டைதான்.

படி 7: வீடியோவில் ஓஸ்கி

ஓஸ்கி (OSCE) என்பது மருத்துவத் திறன்களை நிலையம் நிலையமாகப் பிரித்துச் சோதிக்கும் தேர்வு. ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய இந்த முறையில் மாணவர் ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு நகர்வார். வீடியோ கூட்டத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு துணை அறை (பிரேக்அவுட் ரூம்), அதில் தேர்வாளரும் நடிப்பு நோயாளியும் இருக்கட்டும், மாணவரை மட்டும் நகர்த்துங்கள். 8 நிலையம், ஒவ்வொன்றிலும் 8 நிமிடம், மாற 2 நிமிடம் என்றால் 80 நிமிடத்தில் 8 பேர் முடிப்பார்கள். அறை மாற்றுவதற்கென்றே ஒருவர் வேண்டும். தேர்வாளரே அதையும் பார்த்தால் இரண்டாவது சுற்றில் குழம்பிவிடும்.

படி 8: முடிவை வெளியிடும் முன்

புள்ளிவிவரப் பக்கத்தில் பிரித்தறியும் குறியீடு எதிர்மறையாக உள்ள கேள்விகளைத் தேடுங்கள். நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். முதல் சந்தேகம் விடைக்குறிப்பின் மேல் இருக்கட்டும்: பல சமயம் தவறான தெரிவைச் சரியென்று பதிந்திருப்போம். குறிப்பைத் திருத்தி மறுமதிப்பீடு ஓட்டினால் எல்லாருடைய மதிப்பெண்ணும் தானாக மாறும். கேள்வியே இரட்டைப் பொருள் தந்தால் அதற்குரிய மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்கி, மொத்த மதிப்பெண்ணைக் குறைத்த பிறகு பட்டியலை வெளியிடுங்கள்.