பி.எச்.பி. சுவிட்ச்: சத்தமில்லாமல் தவறும் இடங்கள்

கடலூரில் மாலை நேரங்களில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, இணையதளங்களுக்கான நிரல்மொழியான பி.எச்.பி. சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மதிப்பை 'கேஸ்' என்ற வாய்ப்புகளோடு வரிசையாக ஒப்பிட்டு, பொருந்தும் இடத்தில் உள்ள வேலையைச் செய்யும் கட்டளைதான் சுவிட்ச். அந்தப் பாடம் வந்தால் நான் எடுப்பது பக்கத்துப் புதுச்சேரியைத்தான். யூனியன் பிரதேசம் ஒன்று, பகுதிகள் நான்கு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ், கேரளத்தை ஒட்டிய மாஹேயில் மலையாளம், ஆந்திரப் பக்கம் இருக்கும் யானத்தில் தெலுங்கு. பயனர் எந்தப் பகுதி என்று பார்த்து, அந்த மொழியில் வரவேற்க வேண்டும். சுவிட்சுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

முதலில் எல்லோரும் எழுத மறந்துவிடுவது, சுவிட்சைவிட்டு வெளியேறச் சொல்லும் பிரேக். பொருந்தும் கேஸ் கிடைத்ததும் பி.எச்.பி. அங்கே நுழைந்து, பிரேக் வரும்வரை கீழே ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த கேஸ் பொருந்துகிறதா என்று மறுபடி பார்க்காது. மாஹேக்குக் கீழே பிரேக் இல்லையென்றால் மலையாள வரியை மாறியில் (வேரியபிள்) வைத்துவிட்டு, அதன்மேலேயே அடுத்த கேஸான யானத்தின் தெலுங்கையும் எழுதிவிடும். மாஹேக்காரருக்குத் தெலுங்கு வரவேற்பு! பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் இதே குணம்தான் புதுச்சேரியையும் காரைக்காலையும் அடுத்தடுத்து இரண்டு கேஸாக வைத்து, கீழே ஒரே தமிழ் வரியை எழுத உதவுகிறது. நடுவில் வேலை செய்துவிட்டு வேண்டுமென்றே கீழே விடுகிறீர்கள் என்றால் அங்கே ஒரு குறிப்பு எழுதிவையுங்கள்; அடுத்து படிப்பவர் அதை மறதி என்று நினைத்துத் திருத்திவிடுவார்.

அடுத்தது ஒப்பீடு. சுவிட்ச் இரட்டைச் சமக்குறி (==) போலத்தான் ஒப்பிடும், எண்ணா சொல்லா என்று வகையைப் பார்க்காது. கேஸ் 0 என்று மேலே வைத்திருந்தால், பி.எச்.பி. 7 வரை 'யானம்' என்ற சொல்கூட அதில் போய் விழும். எண்ணாகப் படிக்க முடியாத சொல்லைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டதே காரணம். 2020இல் வந்த 8.0 இதைச் சரிசெய்தது. ஆனால் மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' (null) இன்றைக்கும் 0 கேஸில் விழுகிறது. இரண்டு பக்கமும் சரமாக (மேற்கோளுக்குள் வரும் எழுத்துகளாக) இருந்தாலும் நிம்மதி இல்லை. கடைப் பொருள் ஒன்றின் குறியீடு '1e3' என்று இருந்தால், பி.எச்.பி. அதை அறிவியல் குறிமுறை (ஒன்றுக்குப் பின் மூன்று பூஜ்யம்) என்று எடுத்து, '1000' என்ற குறியீட்டுக்குச் சமம் என்று சொல்லிவிடும்.

இன்னொன்று நம் ஊர்களின் தொலைபேசிக் குறியீட்டை வைத்தே காட்டலாம். புதுச்சேரிக்கு 0413. இதை மேற்கோள் குறி இல்லாமல் கேஸில் எழுதினால், முன்னால் பூஜ்யம் இருப்பதால் பி.எச்.பி. எட்டடிமான எண்ணாக (0 முதல் 7 வரை உள்ள இலக்கங்கள் மட்டும் கொண்ட முறை) படிக்கும்: 267. படிவத்திலிருந்து வரும் '0413' அதற்குப் பொருந்தவே பொருந்தாது. கடலூரின் 04142க்கும் அதே கதி, 2146 ஆகிவிடும். மாஹேயின் 0490, யானத்தின் 0884 இரண்டிலும் எட்டடிமானத்தில் இல்லாத இலக்கங்கள் இருப்பதால், பி.எச்.பி. 7 முதல் தொடரியல் பிழை என்று நின்றுவிடும். நின்றுவிடுவது நல்லது. கத்தாமல் தப்பாகப் போகும் புதுச்சேரியும் கடலூரும்தான் ஆபத்து. குறியீடுகளை எப்போதும் மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

தமிழில் ஊர்ப்பெயரையே கேஸாக எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. 'காட்டுமன்னார்கோவில்' என்பதில் வரும் 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று, இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக வைப்பது மற்றொன்று. கண்ணுக்கு ஒரே எழுத்து, பி.எச்.பி.க்கு இரண்டும் வேறு வேறு பைட்டுகள், பொருந்தாது. போதாக்குறைக்கு 'கோயில்' என்று எழுதுபவர்களும் உண்டு. இப்படிப்பட்ட வடிவங்களைச் சீராக்கும் நார்மலைசர் என்ற பி.எச்.பி. கருவி கொண்டு இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலாம். ஊருக்கு ஒரு எண் கொடுத்து அதை ஒப்பிடுவது இன்னும் நல்லது.

லூப்புக்குள் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றுக்குள்) சுவிட்ச் வைத்தால் கன்டினியூ என்ற கட்டளையைக் கவனியுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அது லூப்பின் அடுத்த சுற்றுக்குப் போகும்; பி.எச்.பி.யில் பிரேக் மாதிரி சுவிட்சைவிட்டு மட்டும் வெளியே வரும். லூப்பின் அடுத்த சுற்றுக்குப் போக கன்டினியூ 2 என்று எழுத வேண்டும். வெறும் கன்டினியூ எழுதினால் பி.எச்.பி. 7.3 முதல் எச்சரிக்கை வருகிறது.

எந்தக் கேஸும் பொருந்தாதபோது ஓடும் டிஃபால்டை எழுதாமல் விடாதீர்கள். அதற்குள் வெறும் தமிழ் வரவேற்பைப் போட்டு மூடிவிடவும் வேண்டாம். எந்த மதிப்பு அங்கே வந்து விழுந்தது என்று பதிவுக் கோப்பில் எழுதுங்கள். மேலே சொன்னவற்றில் பாதி அங்கேதான் பிடிபடும்.

சரி, சுவிட்சுக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் புதிய கட்டளையான மேட்ச் பயன்படுத்தலாமே என்று கேட்பீர்கள். 8.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். வகையோடு சேர்த்து ஒப்பிடும், பிரேக் வேண்டாம், எதுவும் பொருந்தாவிட்டால் பிழை எறியும். ஆனால் படிவத்திலிருந்து வருவது எல்லாம் சரம். பகுதி எண்ணை 1, 2 என்று மேட்சில் எழுதி, '2' என்ற சரத்தை அப்படியே கொடுத்தால் காரைக்கால்காரருக்கு வரவேற்புக்குப் பதில் பிழைதான் வரும். முதலில் உள்ளே வந்தது எண்தானா என்று சரிபார்த்து, முழு எண்ணாக மாற்றி, அப்புறம் மேட்சுக்குக் கொடுங்கள்.