உப்புக் காற்றுக்கு அசராத கோரை

ஆஸ்திரேலியாவின் தென் கடற்கரையில் வீடு இருந்து, வைத்த செடியெல்லாம் உப்புக் காற்றில் கருகுகிறதா? அந்த மண்ணுக்கே உரிய 'நாபி கிளப்-ரஷ்' கோரையை வைத்துப் பாருங்கள். தாவரவியல் பெயர் ஃபிசினியா நோடோசா. நியூசிலாந்திலும் இயல்பாக வளர்வதுதான்.

ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு விறைப்பான, உருண்டைத் தண்டுகள். நுனிக்குச் சற்றுக் கீழே கோலிக்குண்டு போல ஒரு பழுப்பு உருண்டை ஒட்டியிருக்கும். அதுதான் பூங்கொத்து. மண்ணுக்கடியில் வேர்த்தண்டு படர்ந்து மணலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடர்ந்த தூருக்குள் அரணைகளும் பூச்சிகளும் ஒதுங்கும். அதனால் காய்ந்த தண்டுகளை ஒரேயடியாக வழித்தெடுத்துவிட வேண்டாம்.

பெருக்குவது சுலபம். இலையுதிர் காலத்தில் தூரைத் தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் வேரும் நாலைந்து தண்டுகளும் இருக்கும்படி கத்தியால் பிரியுங்கள். தண்டைப் பாதியாக வெட்டிவிட்டு உடனே நட்டுத் தண்ணீர் விடுங்கள். வேர் காயவே கூடாது. விதையிலும் வரும், முற்றிய உருண்டையை உதிர்த்து ஈர மணல்மேல் தூவினால் போதும். வேர் பிடித்த பிறகு வறட்சியைத் தாங்கும்.

கடற்கரை மணல்மேட்டிலிருந்து மட்டும் பிடுங்காதீர்கள். நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள்.