பள்ளி ஆய்வகத்தில் ஆஸ்பிரின் தயாரிப்பது எப்படி?

இந்தச் செய்முறை கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரக் குடுவையால்தான். கழுவிய குடுவையில் தங்கிய நீர், சாலிசிலிக் அமிலத்தை ஆஸ்பிரினாக்கும் திரவமான அசிட்டிக் அன்ஹைட்ரைடை வெறும் அசிட்டிக் அமிலமாக்கிவிடும். அது இந்த வினைக்கு உதவாது. 100 மி.லி. கூம்புக்குடுவையை நன்றாக உலர்த்தி, ஆறவிட்டுத் தொடங்குங்கள்.

தேவையானவை: சாலிசிலிக் அமிலம் 2 கிராம், அசிட்டிக் அன்ஹைட்ரைடு 5 மி.லி., 85% பாஸ்பாரிக் அமிலம் 5 சொட்டு. பாஸ்பாரிக் அமிலம் இல்லையென்றால் அடர் கந்தக அமிலமும் வேலை செய்யும்; ஆனால் தோலில் பட்டால் பாதிப்பு அதிகம். அன்ஹைட்ரைடின் ஆவி கண்ணையும் மூக்கையும் அரிக்கும், எளிதில் தீப்பற்றும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) மூன்றும் கட்டாயம். அன்ஹைட்ரைடை ஆசிரியரே ஊற்றட்டும். இந்தியாவில் அது அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள வேதிப்பொருள் என்பதால் இருப்புக் கணக்கும் அவர் பொறுப்பு.

முதலில் சாலிசிலிக் அமிலப் பொடி, அதன்மேல் அன்ஹைட்ரைடு, கடைசியில் அமிலச் சொட்டுகள். மெதுவாகச் சுழற்றி, 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 15 நிமிடம் வையுங்கள். வெந்நீருக்கு ஹாட் பிளேட் போதும், பர்னர் வேண்டாம். பொடி முழுதும் கரைந்து தெளிய வேண்டும்.

இனி தண்ணீர் தேவை. குடுவையை வெளியே எடுத்து, சூடு இருக்கும்போதே 2 மி.லி. நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மிச்ச அன்ஹைட்ரைடு அதனுடன் வினைபுரிந்து சூடாகும். நெடி வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள். அடங்கியதும் 20 மி.லி. குளிர்நீர் ஊற்றி, சற்று ஆறியபின் பனிக்கட்டியில் வையுங்கள். படிகம் வரவில்லையா? கண்ணாடிக்கோலால் குடுவையின் உட்சுவரைக் கீறுங்கள். அடியில் எண்ணெய் போலத் திரண்டால் குளிர்வித்தது அவசரம்: லேசாகச் சூடாக்கி, மெதுவாக ஆறவிடுங்கள்.

புக்னர் புனலில் (உறிஞ்சி வடிகட்டும் துளைத்தட்டுப் புனல்) வடிகட்டி, பனிநீரால் இரண்டு முறை கழுவுங்கள். தாராளமாக ஊற்றினால் ஆஸ்பிரினும் கொஞ்சம் கரைந்து போய்விடும்.

தூய்மையாக்க, 5 மி.லி. வெதுவெதுப்பான எத்தனாலில் கரைத்து, 15 மி.லி. வெந்நீர் சேர்த்து, தொடாமல் ஆறவிடுங்கள். கொதிக்கவைக்க வேண்டாம், நீரில் நேரம் போகப் போக ஆஸ்பிரின் உடைந்து மீண்டும் சாலிசிலிக் அமிலமாகும். பழைய மாத்திரைப் பாட்டிலில் வினிகர் வாடை வீசுவதும் இதனால்தான்.

படிகத் துணுக்கு ஒன்றை எத்தனாலில் கரைத்து, 1% பெரிக் குளோரைடு ஒரு சொட்டு விடுங்கள். ஊதா நிறம் வந்தால் சாலிசிலிக் அமிலம் மிச்சமிருக்கிறது; மறுபடி படிகமாக்குங்கள். ஒப்பிட, மூலப்பொருளான சாலிசிலிக் அமிலத்தையும் அருகிலேயே சோதியுங்கள். உருகுநிலை 135 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். மிகக் குறைந்தாலோ பரவலாக உருகினாலோ மாசு உண்டு.

2 கிராமிலிருந்து கோட்பாட்டளவில் 2.6 கிராம் கிடைக்கும். அதற்கு மேல் தராசு காட்டினால் மகிழ வேண்டாம், படிகம் இன்னும் காயவில்லை. வெண்மையாக, மாத்திரைத் தூள் போலவே இருந்தாலும் வாயில் வைக்காதீர்கள்.