உறுதிப் பைக்கு இன்னொரு பிரதி

கொக்குவிலில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் எப்போதும் ஒரு பை இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் பென்சன் கடிதங்கள் எல்லாம் அதற்குள். 1995 ஒக்டோபர் 30 இரவு ஐயா அதைத் தோளில் கொழுவிக்கொண்டுதான் செம்மணி வழியாக நடந்தார். படங்கள் ஒட்டிய அல்பங்கள் பாரம் என்று விட்டுவிட்டு வந்தோம். திரும்பி வந்தபோது அவை இல்லை.

பிறகு உறவுக்காரரிடம் மிஞ்சியிருந்த படங்களை ஸ்கான் செய்து, அப்பம்மா ஊஞ்சல் பாட்டுப் பாடிய பதிவுகளோடு ஒரு ஹார்ட் டிஸ்கில் சேர்த்தேன். 2022 மின்வெட்டுக் காலத்தில் கரண்ட் வந்து வந்து போனதில் அந்த டிஸ்க் ஒரு நாள் எழும்பவே இல்லை. தங்கையின் போனில் ஒரு கொப்பி இருந்ததால் அப்பம்மாவின் குரல் தப்பியது. அன்றிலிருந்து, வீட்டில் ஒரு பிரதி, வேறு டிஸ்கில் ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒன்று என்று மூன்று வைத்திருக்கிறேன். அந்த மூன்றாவதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே சொல்லப் போகிறேன்.

"கூகுளில் கிடக்குதுதானே" என்று பலர் சொல்வார்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. படங்களை அளவில்லாமல் வைக்கும் வசதி 2021 ஜூன் 1 உடன் முடிந்துவிட்டது. அதோடு, போனோடு ஒத்திசையும் போட்டோஸில் பிள்ளை தவறி ஒரு படத்தை அழித்தால் கூகுளிலும் அழியும். பேக்கப் என்பது தனியாக, பழைய நிலையையும் வைத்திருக்க வேண்டும்.

நான் பாவிப்பது பேக்பிளேஸ் பி2, இணையம் வழியாகக் கோப்புகளை வைத்திருக்க இடம் தரும் ஒரு நிறுவனத்தின் சேவை. முதல் 10 ஜிபி இலவசம். அதற்கு மேல் ஒரு டிபிக்கு (1000 ஜிபி) மாதம் 6 டொலர் என்று 2023 ஒக்டோபரில் ஆக்கினார்கள். சேரும்போது அன்றைய விலையைப் பாருங்கள். என்னிடம் இருப்பது 38 ஜிபி. 28 ஜிபிக்குத்தான் காசு, அந்தக் கணக்கில் மாதம் 17 அமெரிக்க சதம். அமேசனின் கிளேசியர் டீப் ஆர்கைவ் இதைவிடவும் மலிவு, டிபிக்கு ஏறக்குறைய 1 டொலர். ஆனால் கேட்ட கோப்பு கைக்கு வர 12 மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகலாம், இறக்குவதற்குத் தனிக் காசு, 180 நாளுக்கு முன் அழித்தாலும் 180 நாளுக்கான முழுக் கட்டணம். குடும்பப் படங்களுக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம்.

முதலில் பையில் என்ன வைப்பது என்று முடிவெடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்கள் வேண்டாம். உறுதி, சான்றிதழ், குரல், கலியாணப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறைக்குள் போட்டு, பெயரில் ஆண்டைச் சேருங்கள். எனக்கு இதற்கே இரண்டு கிழமை போனது. இதை அவசரப்படுத்தாதீர்கள்.

பிறகு பி2 இல் கணக்குத் திறந்து, ஒரு பக்கெட் (கோப்புகளைப் போட்டு வைக்கும் பெட்டி) உருவாக்கி, அது பிரைவேட் என்று இருப்பதை உறுதிசெய்யுங்கள். காசு கட்ட, வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவுக்குத் திறந்த வங்கி அட்டை வேண்டும். இல்லையென்றால் வங்கியில் கேட்டுத் திறப்பியுங்கள். அடுத்ததாக அப்ளிகேஷன் கீயும் அதன் கீ ஐடியும் எடுங்கள்; மென்பொருள் உங்கள் பக்கெட்டுக்குள் போவதற்கான திறப்பு இது. கீ திரையில் ஒரே ஒரு தடவைதான் தெரியும், உடனே எழுதிவிடுங்கள்.

கணினியில் டூப்ளிகாட்டி என்ற இலவச பேக்கப் மென்பொருளைப் போடுங்கள். புதிய பேக்கப் தொடங்கும்போது முதலில் குறியாக்கத்தைக் கேட்கும். ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறையைத் தெரிவுசெய்து நீளமான கடவுச்சொல் கொடுங்கள். கோப்புகள் வீட்டிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகும், ஆகவே உறுதியின் ஸ்கானை அந்த நிறுவனமும் வாசிக்க முடியாது. ஆனால் கடவுச்சொல் தொலைந்தால் உங்களுக்கும் இல்லை. நான் அதைக் கடதாசியில் எழுதி, ஒன்றை உறுதிப் பைக்குள்ளும் மற்றதை வவுனியாவில் இருக்கும் தங்கையிடமும் வைத்திருக்கிறேன். அதே கடதாசியில் பக்கெட்டின் பெயரும் கீ ஐடியும் அப்ளிகேஷன் கீயும் இருக்கின்றன.

சேருமிடமாக பி2, பக்கெட்டின் பெயர், கீ ஐடி, கீ கொடுத்து இணைப்பைச் சோதியுங்கள். கோப்புறையைக் காட்டி, நேரத்தை இரவுக்கு வையுங்கள். அந்த நேரம் கரண்ட் இல்லாவிட்டால் கணினி அடுத்த முறை எழும்பும்போது தானாகத் தொடங்கும். முதல் தடவைதான் நேரமெடுக்கும். 5 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்தில் 38 ஜிபி போக 17 மணித்தியாலம். டேட்டா பக்கேஜில் இரவுக்குத் தனி அளவு இருந்தால் இரண்டு மூன்று இரவாகப் பிரித்து அனுப்புங்கள். பிறகு புதிதாகச் சேர்ந்தது, மாறியது மட்டும் போகும்.

சரி, ஏற்றியாயிற்று. இனித்தான் பலரும் விட்டுவிடும் வேலை: இறக்கிப் பார்ப்பது. உங்கள் கணினியில் செய்யாதீர்கள், வேறு ஒன்றில் டூப்ளிகாட்டி போட்டு, கடதாசியில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மீட்டெடுங்கள். நான் வவுனியாவில் தங்கையின் லாப்டொப்பில் செய்தேன். முதல் தடவை என் கையெழுத்தில் இலக்கம் 1 உம் ஆங்கில எழுத்து எல்லும் (l) ஒரே மாதிரி இருந்ததால் கடவுச்சொல் பிழைத்தது. ஊருக்குத் திரும்பி, தெளிவாக எழுதி, கடதாசியை மாற்றினேன். அடுத்த தடவை போனபோது அப்பம்மாவின் ஊஞ்சல் பாட்டு அந்த லாப்டொப்பில் கேட்டது. இப்போது தைப்பொங்கல் கிழமையிலும் ஆடிப்பிறப்புக் கிழமையிலும் இரண்டு கோப்புகளையாவது இறக்கித் திறந்து பார்க்கிறேன்.